தாது வருஷப் பஞ்சம் பற்றி ஆய்வா? நூற்பட்டியலை இப்படித் தொடங்குங்கள்!

முதுகலை வரலாறு படிப்பவர்களைத் திணறவைக்கும் ஒரு அசைன்மென்ட் உண்டு. அதன் பெயர் அன்னோட்டேட்டட் பிப்ளியோகிராஃபி. புத்தகப் பெயர்களை வரிசையாக அடுக்கினால் அது வெறும் பட்டியல். ஒவ்வொன்றின் கீழும் 'எழுதியவர் யார், என்ன சொல்கிறார், எவ்வளவு நம்பலாம், என் ஆய்வுக்கு எதற்கு உதவும்' என்று நாலைந்து வரிகள் சேர்ந்தால்தான் அது குறிப்புரை நூற்பட்டியல்.

1876-78-ல் சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

எங்கிருந்து தொடங்குவது?

நேராக ஆவணக் காப்பகத்துக்கு ஓட வேண்டாம். முதலில் பிற்கால ஆய்வு நூல் ஒன்றைப் படியுங்கள். மைக் டேவிஸ் எழுதி 2001-ல் வெளியான 'லேட் விக்டோரியன் ஹோலோகாஸ்ட்ஸ்' இந்தப் பஞ்சத்தைப் பேசுகிறது. அதன் அடிக்குறிப்புகளே அடுத்து எதைத் தேட வேண்டும் என்று சொல்லிவிடும். 'ஷோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம்.

அந்தக் காலத்து ஆவணங்கள்

அடுத்தது முதன்மைச் சான்றுகள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கின்றன. 1880-ல் வந்த பஞ்ச விசாரணைக் குழு அறிக்கை முக்கியமானது. 1871, 1881 மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிட்டாலே இழப்பின் அளவு புரியத் தொடங்கும்.

தமிழில் எதுவும் இல்லையா? இருக்கிறது. வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' இந்தப் பஞ்சத்தை எள்ளலோடு பாடிய நூல். பழைய தமிழ் நூல்களுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், இணையத்தில் தமிழ் மின்நூலகத்தையும் பாருங்கள்.

ஒரு டிப்ஸ்: ஆங்கில ஆவணங்களில் ஊர்ப் பெயர்களை அன்றைய எழுத்தில் தேடுங்கள். தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆகவும், திருச்சி 'டிரிச்சினாப்பொலி' ஆகவும், திருநெல்வேலி 'டின்னவேலி' ஆகவும் இருக்கும்.

குறிப்புரை எப்படி இருக்க வேண்டும்?

ஒரு மாதிரி இதோ:

'வில்லியம் டிக்பி, தி ஃபேமின் கேம்பெய்ன் இன் சதர்ன் இந்தியா, 2 தொகுதிகள், 1878. ஆசிரியர் மெட்ராஸ் டைம்ஸ் இதழாசிரியர். பஞ்ச நிவாரண நிதிக் குழுவிலும் பணியாற்றியவர். நிவாரணப் பணிகளை அருகிலிருந்து பதிவு செய்திருப்பது பலம். தானே பங்கெடுத்த பணியைப் பற்றி எழுதுவதால், நிவாரண நிதி குறித்த பகுதிகளை மற்ற ஆவணங்களோடு ஒப்பிட வேண்டும். நிவாரணக் கூலி பற்றிய என் இரண்டாம் இயலுக்குப் பயன்படும்.'

இவ்வளவுதான். கதைச்சுருக்கம் தேவையில்லை, மதிப்பீடுதான் தேவை.

ஏன் இத்தனை மெனக்கெடல்?

நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம் என்று குறைத்தார், அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று எதிர்த்தார் சுகாதார ஆணையர் கார்னிஷ். இரண்டுமே அரசுத் தரப்பு எழுத்துகள்தான். டெம்பிள் எழுதியதை மட்டும் படித்தால் அது சிக்கன நடவடிக்கை. கார்னிஷையும் சேர்த்துப் படித்தால்தான் பட்டினி தெரியும். பசித்துக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் கையால் எதையும் எழுதிவைக்கவில்லை. அதனால் எந்த ஆவணம் யார் பக்கம் நின்று பேசுகிறது என்பதைக் குறித்துவைப்பது ஆய்வாளரின் கடமையாகிறது.

இதை மறக்காதீர்கள்

* அரசாணை என்றால் துறை, எண், தேதி மூன்றையும் பார்த்த அன்றே எழுதுங்கள். பிறகு தேடினால் இன்னொரு பயணம்.

* 'ஸொடேரோ' இலவச மென்பொருளில் சேமித்தால் பட்டியல் தானாக ஒழுங்காகும்.

* ஏ.ஐ. செயலிகள் இல்லாத நூலுக்கும் பெயர், ஆண்டு, பக்கம் சொல்லிவிடும். கண்ணால் பார்க்காத நூலைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

வாரம் 3 சான்றுகள் படித்துக் குறிப்பெழுதினால் போதும். 10 வாரத்தில் 30 சான்றுகள் கையில். ஆய்வேட்டின் முதல் இயல் அப்போதே பாதி தயார்!