பிள்ளையைப் பற்றி யாரிடம், எவ்வளவு?



பள்ளி மணி அடித்ததும் பிள்ளையின் படிப்பு முடிந்துவிடுவதில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், மாலையில் பிள்ளைகள் மீண்டும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகின்றனர். சிலர் டியூஷனுக்குச் செல்கின்றனர். சிலர் கோயில் வளாகத்து மாலை வகுப்பிற்கு. வேறு சிலர் தெருவில் படித்த பெண்ணொருத்தி சொல்லித்தரும் திண்ணைக்கு. பகலில் கற்பிப்பவருக்கும் மாலையில் கற்பிப்பவருக்கும் இடையே, பிள்ளையைப் பற்றிய எந்தச் செய்தி செல்ல வேண்டும், எது செல்லலாகாது? இம்மாதம் இதனைச் சிந்திப்போம்.

நம் மாவட்டத்திற்கு இவ்வினா நெருக்கமானது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அதற்குச் சில நாள்கள் முன்னதாக, 2021 அக்டோபர் 27 அன்று, மரக்காணம் வட்டாரத்து முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதற்கட்டமாகத் தேர்ந்த 12 மாவட்டங்களுள் விழுப்புரமும் ஒன்று. மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், ஏறத்தாழ 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்ற கணக்கில், பிள்ளைகளின் இருப்பிடத்திற்கு அருகிலேயே பாடம் சொல்லித்தர ஏற்பாடாயிற்று. மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய்.

அத்தகைய தன்னார்வலரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி அவர்முன் வந்து அமர்கிறாள் என வைத்துக்கொள்வோம். அவர் ஆறாம் வகுப்புப் பாடநூலை விரிக்கிறார். சிறுமியோ இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையிலேயே இருக்கிறாள். அதனைச் சொல்ல வெட்கப்பட்டு, வாயை மட்டும் அசைக்கிறாள். உண்மை வெளிப்படுமுன் இரண்டு மாதம் கழிந்துவிடும். அவளது வகுப்பாசிரியருக்கு இது முன்னரே தெரியும். அவர் ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த இரண்டு மாதமும் வீணாகியிராது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் இளம் மாணவரைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தனர். மாலையில் கற்பிப்பவருக்குப் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லே போதும்.

ஆனால் பள்ளியிடம் இருப்பது அந்த ஒரு சொல் மட்டுமன்று. 'எமிஸ்' எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் உண்டு. பிறந்த நாள், பெற்றோர் பெயர், சமூகப் பிரிவு, தொலைபேசி எண் எனப் பலவும் அதில் பதிவாகின்றன. எழுத்துக் கற்பிக்க இவற்றுள் எத்தனை தேவை? சாதி தேவையா? தந்தையின் வருமானம் தேவையா? ஆதார் எண் தேவையா? பள்ளிச் சேர்க்கைக்கே ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அவ்வாறிருக்க, மாலை வகுப்பின் பதிவேட்டில் அதற்கு என்ன வேலை?

சிற்றூரில் இது இன்னும் நுட்பமான காரியம். மாலையில் கற்பிப்பவர் பெரும்பாலும் அதே தெருவினர். பள்ளியில் ஆசிரியர் மட்டும் அறிந்திருந்தது, திண்ணையில் ஊரறிந்த செய்தியாகிவிடும். 'படிக்கத் தெரியாதவள்' என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், அச்சிறுமி மறுநாள் வகுப்பிற்கு வரமாட்டாள். அவளுக்கு உதவவென்று சொன்ன செய்தியே அவளை விரட்டிவிடும். நகரத்திலோ ஆபத்து வேறு வடிவில் வருகிறது. பிளஸ் டூ தேர்வு முடிந்ததும், முன்பின் அறியாத கல்லூரிகளிலிருந்து வீட்டிற்குத் தொலைபேசி அழைப்புகள் வருவதைப் பெற்றோர் பலர் அறிவர். நம் எண்ணை அவர்களிடம் கொடுத்தவர் யார்?

எனவே ஓர் எளிய அளவுகோலைக் கைக்கொள்வோம்: 'இச்செய்தி தெரியாவிட்டால், இப்பிள்ளைக்கு இன்று மாலை நன்கு கற்பிக்கவோ, பிள்ளையைப் பத்திரமாக வீடு சேர்க்கவோ இயலாதா?' இயலாது எனில் சொல்லுங்கள். வாசிப்பு நிலை, கண்பார்வைக் குறை, ஆஸ்துமா, வலிப்பு, அழைத்துச் செல்ல வருபவர் பெயர், அவசரத்திற்கு ஒரு தொலைபேசி எண் ஆகியவை இவ்வகையின. ஏனையவை பள்ளியிலேயே இருக்கட்டும்.

மாலை வகுப்பிலிருந்து பள்ளிக்குச் செல்லும் செய்திக்கும் இதே அளவுகோல்தான். வீட்டின் கடனையும் சண்டையையும் அருகிலிருப்பவர் அறிய நேரிடும். அவற்றை அவர் தம்முள்ளேயே அடக்கிக்கொள்வது பண்பு. ஆனால் பிள்ளையின் உடலில் அடிபட்ட தழும்பைக் கண்டாலோ, பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் திருமணப் பேச்சு நடப்பதை அறிந்தாலோ, வாய்மூடியிருத்தல் பண்பாகாது. தலைமையாசிரியரிடம் தனியே சொல்ல வேண்டும். அல்லது 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும். குழந்தையைக் காப்பதற்கே இரகசியம். குழந்தையை வருத்துபவரைக் காப்பதற்கு அன்று.

சட்டமும் இவ்வழியே நடக்கிறது. அமெரிக்க நாட்டில் 1974-இலேயே, சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோரின் இசைவின்றி மாணவர் பதிவுகளை வெளியாருக்குத் தரலாகாது எனச் சட்டம் செய்தனர். நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவைக் கோருகிறது. குழந்தைகள் தொடர்பான கடமையில் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அதில் இடமுண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவற்றுள் முக்கியமானவை பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. மாலை வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும்போது ஒரு படிவத்தை நீட்டுவார்கள். கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள்: இவ்விவரம் எதற்கு? இதனை யார் யார் பார்ப்பார்கள்? பிள்ளை வகுப்பை விட்டு நின்றபின் இது என்னவாகும்? நல்ல எண்ணமுடையவர் இக்கேள்விகளால் வருந்தமாட்டார். நம் பங்குகளில் மாலை வகுப்பு நடத்தும் இளைஞரும் இதே விடைகளுக்கு ஆயத்தமாக இருக்கட்டும். மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் காணப் போடாமல், அந்தந்தப் பெற்றோரிடம் தனியே சொல்லட்டும். பெயரேட்டைப் பூட்டி வைக்கட்டும். ஆண்டு முடிந்ததும் வேண்டாத தாள்களைக் கிழித்தெறியட்டும்.

பெற்றோரே, பிள்ளைக்குப் படிக்க வரவில்லை என்பதை மறைக்காதீர்கள். அதனைச் சரியான ஒருவரிடம் சொல்லுங்கள். அதனைக் கேட்டவரும், தம்மிடம் ஒப்படைத்த பொருளைப்போல் அதனைப் பேணட்டும்.