கொம்பு இடம் மாறும் காலம்

கைப்பேசியில் தட்டிய கட்டுரையோடு சிவகாசியிலோ சென்னை இராயப்பேட்டையிலோ ஒரு டிடிபி கடைக்குப் போனால், இன்றைக்கும் பல இடங்களில் முதலில் வரும் கேள்வி இதுதான்: “யூனிகோடா சார்? வானவில்லுக்கு மாத்திக் குடுத்துடுங்களேன்.” வானவில், ஸ்ரீலிபி, பாமினி என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் பழகிய கைகள் அவை. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. பேஜ்மேக்கரில் ஒருங்குறித் தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் வரிசைகட்டி நிற்கும். பழைய ஃபோட்டோஷாப்பில் ஒட்டினால் எழுத்து வரும். கொம்பு மட்டும் இடம் மாறிவிடும். ‘கொடி’யில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். இதைச் சரிசெய்யும் வசதி பிந்தைய பதிப்புகளில் வந்தது. ஆனால், வெகுகாலம் அது அமைப்புகளுக்குள் எங்கோ ஒளிந்திருந்தது. தேடிப் போய் மாற்றியவர்களுக்குத்தான் கிடைத்தது. கல்யாண ஃபிளெக்ஸிலும் வெளிநாட்டு அறிவிப்புப் பலகையிலும் ஒரே மாதிரிப் பிழையைப் பார்க்கிறோம் என்றால் காரணம் இதுதான்.

கருவிக்கு ஏற்ப எழுத்து வளைவது நமக்குப் புதிதல்ல. புதிதாக நடந்திருப்பது வேறொன்று: வளைக்கிறவரோடு சண்டை போட இருந்த இடம் மெல்ல மெல்ல இல்லாமல் போய்விட்டது.

ஓலையிலிருந்தே பார்க்கலாம். புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்பதால் எழுத்தாணிக்காரர்கள் புள்ளியைப் பெரும்பாலும் வைக்கவில்லை. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் ஒரே வடிவம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது அவர் செய்ததில் பாதி, ஏடு எழுதாமல் விட்டதை ஊகித்து நிரப்புவதுதான். நெடில் கொம்பைச் சுழித்து வேறுபடுத்தியதை 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர் கணக்கில் எழுதுகிறோம்.

அச்சும் தன் பங்குக்கு வளைத்தது. கொல்லத்தில் 1578இல் 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்ததைப் பெருமையோடு சொல்கிறோம். எனக்கு அதைவிடச் சுவையானது தரங்கம்பாடிக் கதை. சீகன்பால்குவின் அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. காகிதமோ அரிது. அந்த எழுத்தில் அச்சிட்டால் காகிதம் கட்டுபடியாகாது. ஆகவே, உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். தமிழ் எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதைக் காகித இருப்பு தீர்மானித்தது. ஆனால், அதற்கு மாற்று வார்த்தவரும் பக்கத்திலேயே இருந்தார்.

தட்டச்சு இயந்திரம் வந்தபோது கணக்கு இன்னும் இறுகியது. 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர்.முத்தையா இந்தக் கணக்கைப் போட்டார். ஜெர்மன் நிறுவனம் ஒன்று அவருடைய திட்டப்படி இயந்திரத்தைச் செய்து கொடுத்தது. புள்ளி போன்ற சில குறிகளுக்கு, அடித்தாலும் உருளை நகராத விசைகள். முதலில் புள்ளியை அடி, பிறகு எழுத்தை அடி. இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் படித்த என் போன்றவர்களுக்கு இந்தத் தலைகீழ் வரிசை விரலில் ஊறிப்போனது. கணினி வந்த பிறகும் எங்களில் பலர் அதே விசை வரிசையைக் கேட்டு வாங்கி அடித்தோம்.

எழுத்துச் சீர்திருத்தத்தின் பின்னாலும் கருவி உண்டு. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் புதிய வடிவங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது சொன்ன நியாயங்களில் அச்சுக் கோப்பவரின் சிரமமும் ஒன்று. ணா, றா, னா, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ, ணை, லை, ளை, னை ஆகிய 13ஐயும் கோக்கச் சிறப்பு ஈய எழுத்துகள் வேண்டியிருந்தன. பெரியார் நூற்றாண்டையொட்டி 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை பிறப்பித்தது. ‘லை’ தன் துதிக்கையை இழந்தது. இடைப்பட்ட 43 ஆண்டுகளும் சும்மா போகவில்லை. புலவர்கள் எதிர்த்தார்கள், மாநாடுகளில் வாதிட்டார்கள், ஆணைக்குப் பிறகும் சில இதழ்கள் பழைய வடிவத்திலேயே வெளிவந்தன. ஐகாரத்தையும் ஔகாரத்தையும் ‘அய்’, ‘அவ்’ என்று மாற்றும் பகுதியை அரசு ஏற்கவில்லை. அதாவது, முன்மொழிந்தவர் பெரியார் என்றபோதும் சிலது ஏற்கப்பட்டது, சிலது தள்ளப்பட்டது. பின்னாளில் வா.செ.குழந்தைசாமி இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளின் 72 எழுத்துகளுக்குத் தனிக் குறிகள் வேண்டும் என்று முன்மொழிந்தார். அதற்கு எழுந்த எதிர்ப்பில் அது நின்றுபோனது. எழுத்துகளை அடுக்குவதைக் கணினியே பார்த்துக்கொள்ளும் காலத்தில் வடிவத்தை ஏன் உடைக்க வேண்டும் என்று கேட்டவர்கள் பக்கம்தான் நானும் இருந்தேன். குழந்தைகளின் கற்றல் சுமை பற்றி அவர் சொன்னதற்கு அந்தக் கேள்வி முழுப் பதிலாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணினியில்கூடத் தொடக்கத்தில் சண்டை இருந்தது. சென்னையில் 1999இல் நடந்த மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகை வந்தது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. புள்ளி பல இடங்களில் தானாக விழும். நன்கு யோசித்துச் செய்த வடிவமைப்பு. ஒருங்குறியில் ‘க’வுக்கு ஓர் இடம், ‘க்’குக்கு ஈரிடம் என்ற ஏற்பாடு இந்திய அரசின் பழைய குறியேற்றத்தின் வழியே வந்தது, மெய்யை அடிப்படையாகக் கொண்ட தமிழ் இலக்கணத்துக்கு இது தலைகீழ் என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். கோவை செம்மொழி மாநாட்டையொட்டி 2010இல் ஒருங்குறியோடு டேஸ்16 என்ற அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் மாநில அரசு தரப்படுத்தியது அந்த வாதத்தின் பலன். அதே ஆண்டில் கிரந்தத் தொகுதிக்குள் தமிழ் எழுத்துகள் சிலவற்றைச் சேர்க்கும் யோசனை வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது, அரசு தலையிட்டது. கிரந்தம் 2014இல்தான் ஒருங்குறிக்குள் நுழைந்தது. இந்தச் சண்டைகள் எல்லாவற்றிலும் யார் சரி என்பது தனிக் கதை. முன்மொழிவுகள் எழுத்தில் இருந்தன. மறுப்பை அனுப்ப ஒரு முகவரி இருந்தது.

கைப்பேசியில் அந்த முகவரியைத் தேடுகிறேன். அனுப்பு, சேமி, பதிவிறக்கு என்ற பொத்தான்களைக் கவனித்திருப்பீர்கள். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பெட்டிக்குள் ‘பதிவிற...’ என்று மூன்று புள்ளிகளோடு தமிழ் நின்றுவிடும். வரி உயரம் போதாமல் ‘கீ’யின் சுழி மேலே அறுபடும், ‘று’வின் வால் கீழே அறுபடும். சாய்வெழுத்து என்ற வழக்கமே இல்லாத ஓர் எழுத்து முறையை இயந்திரம் தானாகச் சாய்த்துவைப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே மரியாதை. இவை எதுவும் யாரும் கூடி எடுத்த முடிவுகள் இல்லை. யாரும் எடுக்காமல் விட்ட முடிவுகள். அதனால்தான் எதிர்க்கவும் ஆளில்லை.

ஊடகம் இதற்குக் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. தொண்ணூறுகளின் இறுதியில் தமிழ் நாளிதழ்களும் வார இதழ்களும் இணையத்துக்கு வந்தபோது ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதை இறக்கி நிறுவினால்தான் படிக்க முடியும். தேடுபொறிக்கோ அந்தப் பக்கங்கள் வெறும் பிதற்றல். அந்த ஆண்டுகளின் இணையத் தமிழில் பெரும்பகுதி தேடினால் கிடைக்காமல் போனதற்கு இது முக்கியக் காரணம். ஒருங்குறி வந்து அந்தப் பூட்டைத் திறந்தது. திறந்த கொஞ்ச காலத்திலேயே நாமே வேறொரு பூட்டைப் போட்டுக்கொண்டோம்: நியூஸ் கார்டு.

தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் செய்தியைச் சதுரப் படமாக்கி வாட்ஸ்அப்புக்கு அனுப்புகின்றன. மேலே சின்னம், நடுவே தலைவர் படம், கீழே தடித்த எழுத்தில் இரண்டு வரி. படமாக இருப்பதால் எந்தப் பேசியிலும் கொம்பு இடம் மாறாது. வடிவமைப்பாளரின் தரப்பில் நியாயமான தீர்வுதான். ஆனால், படத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேட முடியாது, அதிலிருந்து முழுச் செய்திக்குப் போக வழி கிடையாது. இவற்றைவிடப் பெரிய சிக்கல், நம்பிக்கை என்பது வார்ப்புருவில் வந்து உட்கார்ந்துவிட்டது. சின்னமும் நிறமும் தடித்த எழுத்தும் சரியாக இருந்தால் செய்தியும் சரி. தேர்தல் நேரத்தில் ஒரு தலைவர் சொல்லாததைச் சொன்னதாகப் போலி அட்டை செய்ய, இலவசச் செயலியும் அரை மணி நேரமும் போதும். தகவல் சரிபார்ப்பவர்கள் போலியைப் பிடிக்கப் பார்க்கும் அடையாளங்களில் முதன்மையான ஒன்று, அட்டையில் உள்ள எழுத்துரு அந்த ஊடகம் வழக்கமாகப் பயன்படுத்துவதுதானா என்பது. லகர வளைவு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு செய்தியின் உண்மை முடிவாகும் நிலைமை, எழுத்துக்கலைஞர்கள் யாரும் எதிர்பார்த்திராத கௌரவம்.

அடுத்தது, தட்டும்போது விசைப்பலகை நீட்டும் சொற்களின் பரிந்துரைப் பட்டியல். நல்லதை முதலில் சொல்ல வேண்டும். பள்ளியை விட்ட பிறகு ஒரு வரி தமிழ் எழுதாதவர்கள் இன்று நாள் முழுக்க எழுதுகிறார்கள். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், செல்லினம் முதல் இன்றைய குரல்வழித் தட்டச்சு வரை பல கருவிகள் இதற்குக் காரணம். டொராண்டோவிலிருந்து பேரன் அனுப்பும் தமிழ் வாழ்த்தில் லகர, ளகரப் பிழை இல்லாதிருப்பது கருவியின் தயவு. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் இளைஞர்களைத் திட்டுவதிலும் எனக்கு விருப்பமில்லை. நம் பொத்தான்களையும் விசைகளையும் பார்த்தபின் அவர்கள் எடுத்த முடிவு அது.

ஆனால், எழுதுகிறவர் தேடி எடுக்க வேண்டிய சொல்லை இப்போது கருவி மூன்றாகக் குறைத்து நீட்டுகிறது. முதலில் நிற்பதைத் தொடுகிறோம். தொடுவதால் அது முதலிலேயே நிற்கிறது. என் வீட்டில் ஒருவர் பேசியிடம் “கம்மாக்கரை” என்றார். அது “அம்மா கரை” என்று எழுதியது. நிறுத்தி நிதானமாகக் “கண்மாய்க் கரை” என்று சொன்னபோது சரியாக எழுதியது. அவர் மறுமுறை முதலிலேயே கண்மாய் என்று சொன்னார். சிவகங்கைப் பக்கத்து வாய் ஒன்று கருவிக்காகத் தன் உச்சரிப்பை மாற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். மேடைத்தமிழ், செய்தித்தமிழ் எல்லாமும் பேச்சைத் திருத்தத்தான் செய்தன, இதில் என்ன புதிது என்று கேட்கலாம். மேடையில் பேசியவருக்குப் பெயர் இருந்தது. திரு.வி.க.வின் தமிழை ஒருவர் விரும்பலாம், இன்னொருவர் கேலி செய்யலாம். இந்தப் பட்டியலை அடுக்கியவர் யார் என்று எங்கே கேட்பது?

அரசிடம் இணையத் தமிழுக்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. எழுத்துருக்களை வெளியிட்டிருக்கிறது, நூல்களை மின்னாக்கியிருக்கிறது. அது இன்னொரு வேலையையும் ஏற்கலாம். சந்தையில் அதிகம் விற்கும் பேசிகளையும், அரசின் சொந்தச் செயலிகளையும், வங்கி இயந்திரத் திரைகளையும் ஆண்டுக்கு ஒருமுறை வாங்கிவைத்துச் சோதிக்கட்டும். எந்தத் திரையில் எந்தச் சுழி அறுபடுகிறது, எந்தப் பொத்தான் பாதியில் நிற்கிறது, நெல்லை, கொங்கு, யாழ்ப்பாணப் பேச்சில் எதையெல்லாம் குரல்வழித் தட்டச்சு வேறாக எழுதுகிறது என்று நிறுவனங்களின் பெயரோடு அறிக்கை வெளியிடட்டும். ஒப்பந்தத்தில் தமிழ்ச் செயலி வாங்கும் ஒவ்வொரு துறையும் அந்த அறிக்கையைப் பார்த்த பிறகே பணம் கொடுக்கட்டும். 1978 ஆணைக்குப் பின்னால் அரசிதழும் பாடநூல் அச்சகமும் இருந்தன. இன்று அரசின் கையில் இருக்கும் பிடி கொள்முதல்தான். அதைத் தமிழுக்காக இறுக்கிப் பிடித்ததாக இதுவரை நான் பார்க்கவில்லை.