பட்டம் சூட்டுவோரே!

"பையன் எப்படி?"

எம். புதுப்பட்டித் தேநீர்க்கடையிலே, பெண் வீட்டார் சார்பில் விசாரிக்க வந்த பெரியவர் கேட்கிறார்.

"யாரு, அவனா? அவன் கேமுக்காரனாச்சே அண்ணாச்சி! எந்நேரமும் போனும் கையுமாத்தான் இருப்பான்."

அவ்வளவுதான்! பெரியவர் தேநீரைக் குடித்தார், குவளையை வைத்தார், அடுத்த பேருந்திலே ஏறிவிட்டார். சம்பந்தப் பேச்சு அங்கேயே முறிந்தது. இத்தகைய உரையாடலைக் கேட்காத தேநீர்க்கடை நம் பட்டாசு வட்டாரத்திலே உண்டா, தோழர்களே?

பெரியவர் அறியாதது என்ன? அந்த இளைஞன் பொழுது விடியுமுன் எழுந்து ஆலைக்குப் போகிறவன். செல்பேசியை வாயிலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே நுழைகிறவன். ஓர் உராய்வு போதும், உயிரைக் குடித்துவிடும் என்கிற அறையிலே, கண்ணும் கையும் தவறாமல் மருந்து செலுத்துகிறவன். வாரக் கூலியை அம்மாவின் கையிலே கொடுத்துவிட்டு, மாலையில் நண்பர் நால்வரோடு மரத்தடியில் அமர்ந்து சிறிது நேரம் செல்பேசியில் விளையாடுகிறவன். காசு வைத்தல்ல, பந்தயம் கட்டியல்ல. களைப்புத் தீர, சிரித்து மகிழ!

பகல் முழுதும் பாடுபட்டானே, அந்தப் பாடு அவனுக்குப் பெயர் தரவில்லை. அரைமணி நேரம் ஆடினானே, அந்த ஆட்டம் பெயர் தந்துவிட்டது! உழைப்பாளி என்று ஊர் அவனை அழைக்கவில்லை. கேமுக்காரன் என்று அழைக்கிறது. இது நீதியா?

அழைக்கப்படுகிறவன் உள்ளம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்த்தோமா? ஒருவன் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிடுகிறான். சிரிப்புக்குப் பின்னே புண் இருக்கிறது. ஒருவன் மாமா வருவதைக் கண்டதும் செல்பேசியை மடியிலே மறைக்கிறான்; திருடாத பொருளை மறைக்கும் திருட்டு விழி அவனுக்கு! இன்னொருவன், "நான் அதெல்லாம் ஆடுறதே இல்ல சித்தப்பா" என்று பொய் சொல்லப் பழகுகிறான். ஆடியதால் கெட்டானோ இல்லையோ, பட்டத்துக்கு அஞ்சிப் பொய் பேசக் கற்றுக்கொண்டான். அதே விளையாட்டை ஒரு பெண் பிள்ளை ஆடினாலோ, கேட்கவே வேண்டாம், பட்டம் இரட்டிப்பு!

பட்டணத்திலே வேறு காட்சி. அங்கே குளிரூட்டிய அறையில் வேலை பார்க்கும் இளைஞன், தன்னைத் தானே 'கேமர்' என்று அழைத்துக்கொள்கிறான். சட்டையிலே அச்சிட்டுப் போட்டுக்கொள்கிறான். விளையாட்டு ஒன்று, சொல்லும் ஏறத்தாழ ஒன்று. அவனுக்கு அது அணிகலன். இவனுக்கு அது அவமானம். வேறுபாடு விளையாட்டிலா இருக்கிறது? இல்லை, சட்டைப்பையிலே இருக்கிறது!

பழைய கதை ஒன்றைப் பாருங்கள். 1974ஆம் ஆண்டு, கலைஞர் ஆட்சியிலே, குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழகத்தில் சட்டம் செய்யப்பட்டது. வழக்கு நடந்தது, ஆண்டுகள் உருண்டன. 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டே என்று கூறியது. தீர்ப்பின் நுணுக்கத்திலே நாம் இறங்கவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: கிண்டியிலே குதிரையின் மேல் பணம் கட்டிய கனவான்களைக் 'குதிரைக்காரன்' என்று ஒதுக்கி, பெண் கொடுக்க மறுத்த மாளிகை எது? கையிலே சீட்டு இருந்தால் சூதாடி. காலடியில் கம்பளம் இருந்தால் விளையாட்டு ரசிகரா?

பல்லாங்குழி ஆடிய பாட்டியை நாம் பழித்தோமா? 2020இல் ஊரடங்கின்போது வீட்டுக்கு வீடு செல்பேசியில் லூடோ உருட்டினார்களே, அவர்களுக்கு யார் பட்டம் சூட்டினார்? அறுபத்து நான்கு கட்டத்திலே அரசனை வீழ்த்தி, 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் பதினெட்டே வயதில் உலக வாகையர் ஆனாரே குகேஷ், அவரைச் 'சதுரங்கக்காரப் பையன்' என்று எள்ளி நகையாடினோமா? தோளில் தூக்கிக் கொண்டாடினோம்; கொண்டாட வேண்டியதுதான். செல்பேசி, கணினி விளையாட்டுகளுக்கும் காலம் மாறத்தான் செய்தது. 2023இல் சீனத்து ஹாங்சௌ நகரில் நடந்த ஆசியப் போட்டியிலே மின் விளையாட்டுகளுக்கும் பதக்கம் வழங்கினார்கள். அங்கே பதக்கம், எம். புதுப்பட்டியிலே பட்டம்!

பட்டம் சூட்டும் பழக்கம் முற்றினால் விலங்கு பூட்டும் பழக்கம் ஆகும். 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டிலே பப்ஜி விளையாட்டுக்குக் காவல்துறை தடை போட்டது. தடையை மீறி ஆடினார்கள் என்று பத்து இளைஞர்களைக் கைது செய்தது. அவர்களிலே கல்லூரி மாணவர்களும் இருந்தனர். திருடவில்லை, தீ வைக்கவில்லை, செல்பேசியில் ஆடினார்கள்! வழக்கும் வாய்தாவும் இளமைக்குத் தரும் பரிசா?

"அப்படியானால் சூதாட்டத்துக்கு வக்காலத்தா?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை, நூறு முறை இல்லை! சூது என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழி வந்தவர்கள் நாம். இணையவழி ரம்மி என்ற பெயரிலே கூலிக்காரன் வீட்டு உலையைக் கவிழ்த்தார்களே, தாலி அடகுக் கடைக்குப் போனதே, கடனுக்கு அஞ்சி உயிரை விட்டவர்கள் உண்டே, அதை மறக்க முடியுமா? அந்தக் கொடுமைக்கு எதிராகத் தமிழகம் போராடிய கதை நீண்டது. 2021இல் கொண்டுவந்த சட்டத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2022இல் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்து, அக்டோபரில் மீண்டும் சட்டம் இயற்றினோம். ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் அதை மறுபடியும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்றது. 2025இல் காசு கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை கதவடைப்பு என்று விதி வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் டில்லி நாடாளுமன்றமே, காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது.

டில்லி செய்தது என்பதற்காக நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. அந்தச் சட்டத்திலே இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று: மின் விளையாட்டு வேறு, பொழுதுபோக்கு விளையாட்டு வேறு, காசு விளையாட்டு வேறு என்று அது பிரித்துக் காட்டுகிறது. மற்றொன்று: தண்டனை, ஆட்டத்தை நடத்துகிறவனுக்கும், விளம்பரம் செய்கிறவனுக்கும், பணம் கைமாற வழி செய்கிறவனுக்கும்; ஆடி ஏமாந்தவனுக்கு அல்ல! எழுதப்பட்ட சட்டமே இவ்வளவு பிரித்துப் பார்க்கிறது. எழுதப்படாத ஊர்ச்சட்டமோ, எல்லோரையும் ஒரே சாக்கிலே போட்டுக் கட்டுகிறது!

அதன் விளைவு என்ன தெரியுமா? உண்மையிலேயே சிக்கிக்கொண்டவன் வாய் திறப்பதில்லை. "அண்ணே, இருபதாயிரம் விட்டுட்டேன், வெளிய வர வழி தெரியல" என்று சொல்லத் துடிக்கிறான். சொன்னால் சூதாடி என்பார்கள்; தங்கையின் திருமணம் தடைப்படும் என்று அஞ்சுகிறான். விட்டதைப் பிடிக்க மேலும் கடன் வாங்குகிறான், மேலும் விடுகிறான். நிறுவனம் அவன் பணத்தைப் பறித்தது. பட்டமோ அவன் நாவையே பறித்துவிட்டது. பணத்தை இழந்தவனைக் காப்பாற்றலாம். பேச்சை இழந்தவனை எப்படிக் காப்பாற்றுவது?

விளையாட்டு நோயாவதும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலிலே அதற்கு இடம் தந்திருக்கிறது. ஆனால் எப்போது அது நோய்? நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், மற்ற வேலையெல்லாம் பின்னுக்குப் போய், கேடு வந்த பிறகும் ஆடிக்கொண்டே இருந்து, பொதுவாக ஓராண்டுக்காலம் அப்படியே நீடித்தால்! ஆடுவோரில் சிறு பகுதியினருக்கே இது நேர்கிறது என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது. மருத்துவர் ஓராண்டு பார்த்துச் சொல்வதை, நாம் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்திலே சொல்லிவிடுகிறோம்!

பட்டத்தின் சூடு என்னவென்று சிவகாசி வட்டாரத்துக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய இருவர் இங்கே தொழிலுக்கு வித்திட்டனர், ஊர் வளர்ந்தது, 'குட்டி ஜப்பான்' என்றார்கள், மகிழ்ந்தோம். பிறகு குழந்தைத் தொழிலாளர் கொடுமை வெளிப்பட்டது. உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பும் தந்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. ஆனால் குழந்தையை வேலைக்கு வைத்தவன் மீது விழ வேண்டிய பழி, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிய ஏழைத் தாயின் மீதும் விழுந்ததே! ஊரின் பெயரைச் சொன்னதும் புருவத்தை உயர்த்தினார்களே! அன்று நமக்கு வலித்ததே, அந்த வலியை இன்று நம் பிள்ளைகளுக்கே தரலாமா?

நாடகம் போட்டவர்களைக் 'கூத்தாடிகள்' என்று ஏளனம் செய்த காலமும் இந்த நாட்டிலே இருந்தது. அந்தக் கூத்தாடிகளிடம்தான் 1967இல் மக்கள் கோட்டையைக் கொடுத்தார்கள். பொழுதுபோக்கை வைத்து மனிதனை எடைபோட்டவர்களின் தராசு அன்றே உடைந்தது.

ஆகவே தோழர்களே, உங்கள் கிளையிலே, உங்கள் தெருவிலே ஓர் இளைஞனைப் பற்றி யாரேனும் பட்டம் சொல்லி முடிக்க முற்பட்டால், மூன்று கேள்வி கேளுங்கள். காசு வைத்து ஆடுகிறானா? வேலையும் வீடும் கெட்டனவா? நிறுத்த நினைத்தால் நிறுத்த முடிகிறதா? முதலிரண்டுக்கு 'இல்லை', மூன்றாவதற்கு 'முடிகிறது' என்று விடை வந்தால், அவனை அவன் பெயரைச் சொல்லி அழையுங்கள். அவன் தொழிலைச் சொல்லி மதியுங்கள். வேறு விடை வந்தால், தோளிலே கை போட்டு அழைத்து வாருங்கள். மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணும், தமிழக அரசின் 104 என்ற எண்ணும் இருக்கின்றன. அந்த எண்ணை அவனோடு அமர்ந்து நீங்களே அழுத்துங்கள்.

சூதை நடத்தும் முதலாளியைச் சாடுவோம். சிக்கிய தோழனை மீட்போம். சிரித்து விளையாடும் இளைஞனை விளையாட விடுவோம். அடுத்த முறை தேநீர்க்கடையிலே, "பையன் எப்படி?" என்று ஒரு பெரியவர் கேட்டால், எம். புதுப்பட்டி இப்படிச் சொல்லட்டும்:

"நல்ல உழைப்பாளி, அண்ணாச்சி!"