ஏதென்ஸ் ஜனநாயகமும் விடுபட்ட பெயர்களும்

ஜனநாயகம் கிரேக்கத்தில் பிறந்தது என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அங்கிருந்து இன்றைய அரசுகளுக்கு வந்து சேர்ந்தது எது, வராமல் போனது எது என்பதையும் நாம் அறிந்திருப்பது நல்லது.

கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனிஸ் என்பவர் ஏதென்ஸ் நகரின் குடிமக்களை 10 பிரிவுகளாகப் பிரித்தார். பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட மன்றம் அமைந்தது. காலப்போக்கில் மன்ற உறுப்பினர்களும் பெரும்பாலான அதிகாரிகளும் குலுக்கல் முறையில், ஓராண்டுக்கு மட்டும் தேர்வானார்கள். பதவி முடிந்ததும் அதிகாரிகள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். போரா, சமாதானமா என்பதைக் குடிமக்களே சபையில் கூடி, கைதூக்கி முடிவு செய்தார்கள்.

எது வந்தது, எது வரவில்லை?

குலுக்கல் நம்மிடம் வரவில்லை. குலுக்கல்தான் ஜனநாயக முறை, தேர்தல் சிலர் ஆட்சிக்கு உரியது என்ற கருத்தை அரிஸ்டாட்டில் பதிவு செய்திருக்கிறார். இன்று தேர்தலையே நாம் ஜனநாயகம் என்கிறோம்.

மக்கள் நேரடியாக ஆளும் முறையும் வரவில்லை. அதில் பெரும்பான்மை தன் வேகத்தில் மற்றவர்களின் உரிமையை நசுக்கிவிடும் என்று 1787-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் மேடிசன் எழுதினார். எனவே அவர்கள் பிரதிநிதிகள் மூலம் ஆளும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏதென்ஸுக்கு மீண்டும் நற்பெயர் தேடித் தந்தவர்களில் முக்கியமானவர் ஆங்கிலேய வரலாற்று ஆசிரியர் ஜார்ஜ் குரோட். ஏதென்ஸ் நீதிமன்றங்களில் யார் எப்படி வாக்களித்தார் என்பது வெளியே தெரியாது. குரோட் 1830-களில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இரகசிய வாக்குரிமை கேட்டுப் பலமுறை தீர்மானம் கொண்டு வந்து தோற்றார். அவர் இறந்த மறு ஆண்டு, 1872-இல், அது அங்கே சட்டமானது.

பட்டியலில் யார்?

ஏதென்ஸின் இன்னொரு பக்கத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பெண்களுக்கும் அடிமைகளுக்கும், அங்கேயே குடியேறி வாழ்ந்த வெளியூராருக்கும் வாக்கு இல்லை. கி.மு. 451-இல் பெரிக்ளிஸ் கொண்டு வந்த சட்டப்படி, தாயும் தந்தையும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன்.

கி.மு. 346-இல் குடிமக்கள் பட்டியல் முழுவதும் மறு ஆய்வுக்கு வந்தது. ஒவ்வோர் ஊராரும் கூடி, ஒவ்வொரு பெயராக வாக்கெடுத்தார்கள். ஹலிமூஸ் என்ற ஊரில் அப்படி நீக்கப்பட்ட ஒருவருக்காக டெமாஸ்தனிஸ் எழுதிய வாதம் இன்றும் கிடைக்கிறது. அவருடைய தந்தையின் பேச்சில் வெளியூர் வாடை அடிக்கிறது, தாய் சந்தையில் ரிப்பன் விற்றவர் என்பதெல்லாம் அவருக்கு எதிராகச் சொல்லப்பட்டன. தந்தை போரில் பிடிபட்டு வெளிநாட்டில் அடிமையாக விற்கப்பட்டவர், தாயை அந்த வேலைக்குத் தள்ளியது வறுமை என்று அவர் விளக்கினார். பலரும் வீடு திரும்பிய பின் இருட்டும் நேரத்தில் வாக்கெடுப்பு நடந்தது, இருந்தவர்கள் 30 பேருக்கு மேல் இல்லை, எண்ணியபோது 60-க்கும் அதிகமான வாக்குகள் என்பது அவரது புகார். மேல்முறையீட்டில் தோற்றால் அடிமையாக விற்கப்படும் அபாயமும் இருந்தது.

இன்றைய நிலை

இந்த வழக்கு நடந்து 2,300 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதே கேள்வி இன்னும் ஓயவில்லை. மியான்மரில் 2010 தேர்தலில் வாக்களித்த ரோஹிங்கியா மக்களின் தற்காலிக அடையாள அட்டைகள் 2015-இல் செல்லாதவை ஆக்கப்பட்டன. அந்த ஆண்டுத் தேர்தல் உலகெங்கும் ஜனநாயகத்தின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டபோது அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இல்லை. அவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் உண்டு. பல வீடுகளில் ஒருவர் பெயர் இருந்தது, உடன்பிறந்தவர் பெயர் இல்லை.

தேர்தல் நேர்மையாக நடந்ததா என்று கேட்பதற்கு முன்னால், பட்டியல் நேர்மையாகத் தயாரானதா என்று கேட்க வேண்டும். நீக்கப்படுபவருக்குக் காரணம் சொல்லப்பட்டதா, பதில் சொல்ல அவகாசம் இருந்ததா, ஏழைக்கும் எட்டும் தூரத்தில் நீதிமன்றம் இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களின் பிறப்பு, பள்ளி, நிலப் பத்திரங்களைப் பத்திரப்படுத்துவதும், வாக்காளர் பட்டியல் வெளியாகும்போது நம் பெயரோடு அக்கம்பக்கத்து ஏழைகளின் பெயரையும் சரிபார்த்துக் கொடுப்பதும் நாம் உடனே செய்யக்கூடிய வேலைகள்.