செத்து ஒதுங்கிய ஆமைகளின் படங்களையும் கேளுங்கள்

பெருமதிப்பிற்குரிய உயர் அலுவலர் அவர்களுக்கு,

ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் விழாக்களுக்குத் தாங்கள் வரும்போதெல்லாம், நாங்கள் எடுக்கும் படங்களை அன்போடு கேட்டு வாங்கிக்கொள்கிறீர்கள். நாங்களும் மனமுவந்தே தருகிறோம். ஈரமணலில் துடுப்பை ஊன்றி அலையை நோக்கிப் போகும் குஞ்சைப் படத்தில் பார்த்த பிள்ளைகள், பெற்றோரை நச்சரித்துக் கடற்கரைக்கு வந்து நிற்கிறார்கள். 1988 முதல் சென்னைக் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காத்துவரும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல துணை ஏது?

ஆனால் எங்களிடம் வேறு படங்களும் உள்ளன. அவற்றைத் தாங்கள் கேட்டதில்லை. 2025 ஜனவரியில் தமிழகக் கரையில், பெரும்பாலும் சென்னையை ஒட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அருள்கூர்ந்து அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்கள் வெளியே பிதுங்கியிருக்கும், கழுத்து வீங்கியிருக்கும். ஆமைக்கும் நம்மைப் போல நுரையீரல்தான். இழுவலைக்குள் அகப்பட்டு, மூச்சுக்காக மேலே வர வழியில்லாமல் அது மூழ்கிச் செத்ததைத்தான் அந்தக் கண்கள் காட்டுகின்றன.

விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக்கூடாது என்ற விதியைத் தாங்கள் அறிவீர்கள். வலையில் ஆமை தப்பிக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்பதையும் அறிவீர்கள். கம்பித் தடுப்பில் முட்டும் ஆமை திறப்பு வழியே வெளியேறிவிடும். அவ்வளவு எளிய கருவி அது. அதனால் மீனும் தப்பிவிடும் என்று படகுக்காரர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். அவர்களோடு உட்கார்ந்து பேசி, இழப்புக்கு ஈடு தந்து தீர்க்க வேண்டியது அது. மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. ஆமைகள் முட்டையிடக் கரையை நாடி வரும் மாதங்கள் அதற்குள் பெரும்பாலும் கழிந்துவிடுகின்றன. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை அவற்றுக்கு இருக்கும் காவல் தங்கள் ரோந்து ஒன்றே.

இந்தச் சாவுகளைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தபோது, ரோந்து பலப்படும் என்று சொல்லக் கேட்டோம், நம்பினோம். இன்னமும் நம்பவே விரும்புகிறோம். ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு, ஐயா.

நாங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் நாளும் நேரமும் இடமும் பதிவாகியிருக்கின்றன. அவற்றைச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். உடல்களைப் புதைக்கும் முன் கூறாய்வு செய்து முடிவை வெளியிடுங்கள். ஆமைகள் செத்து ஒதுங்கிய நாள்களில் 5 கடல் மைலுக்குள் நுழைந்த படகுகள் எத்தனை, அவற்றின் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்பதை, வரும் ஜனவரிக்கு முன் மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
கடற்கரையில் படமெடுக்கும் ஒருவர்