கடைசி இடத்துக்குக் கீழே

உருதுவில் 'சனத்' என்றால் தொழில். ஹைதராபாத்தின் சனத்நகருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்த பகுதி அது. ஃப்ரிட்ஜ், கைக்கடிகாரம், பஸ் பாடி என்று சகலமும் செய்த ஆல்வின் நிறுவனத்தின் ஆலை இங்குதான் இருந்தது. 1942ல் தொடங்கிய நிறுவனம் 1990களில் துண்டு துண்டாகக் கைமாறி, கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சியது. தள்ளிப்போகும் சம்பளத் தேதி, கேட்டில் ஒட்டப்படும் நோட்டீஸ், 'புது முதலாளி வருகிறாராம்' என்ற வதந்தி: ஒரு தொழில் நொடிக்கப்போவதற்கான அடையாளங்களை ஆலைப் பேட்டைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அதே அடையாளங்கள் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, கச்சிபௌலியில், ஒரு கால்பந்து அணியிடம் தெரியும் என்று 2022ல் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அந்த ஆண்டு மார்ச் 20ம் தேதி ஹைதராபாத் எஃப்.சி. இந்தியன் சூப்பர் லீகின் சாம்பியன் ஆனது. கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம், எதிரே கேரளா பிளாஸ்டர்ஸ். 88வது நிமிடத்தில் சாஹில் தவோரா அடித்த கோல் ஆட்டத்தைச் சமன் செய்தது. பெனால்டியில் கோல் கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி மூன்று பந்துகளைத் தடுத்தார். இரண்டு அணிக்குமே மஞ்சள்தான் நிறம். அன்று மஞ்சளை அணியும் உரிமை ஹைதராபாத்துக்குக் கிடைத்தது. காலரியை மஞ்சளாக்கியவர்கள் என்னவோ கேரள ரசிகர்கள்.

இதில் ஒரு வினோதம் உண்டு. கொரோனா காரணமாக அந்த சீசன் முழுவதும் கோவாவிலேயே நடந்தது. அதாவது, சொந்த ஊரில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஹைதராபாத் கோப்பையை வென்றது. ஊருக்கும் அணிக்கும் இடையே இருந்த முடிச்சு எவ்வளவு தளர்வானது என்பதை அப்போதே கவனித்திருக்கலாம். கோப்பை கையில் இருக்கும்போது யார் கவனிக்கிறார்கள்?

அணிக்கு வயதும் அதிகமில்லை. புனே நகரில் மூடப்பட்ட ஓர் அணியின் இடத்தை நிரப்ப 2019 ஆகஸ்டில் பிறந்தது அது. முதல் சீசனில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, கடைசி இடம். பிறகு ஸ்பெயினிலிருந்து வந்த பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் உள்ளூர் இளைஞர்களை நம்பி அணியைத் தூக்கி நிறுத்தினார். நைஜீரியாவின் ஓக்பெச்சே 2021-22ல் 18 கோல் போட்டார். அடுத்த சீசனிலும் லீக் பட்டியலில் இரண்டாம் இடம். 2023ல் மார்க்கேஸ் கோவா அணிக்குப் போனார். அதன்பின் நடந்தது சரிவு என்ற சொல்லுக்குள் அடங்காது.

2023-24 சீசன். சம்பள பாக்கி பற்றிய புகார்கள் முதலில் முணுமுணுப்பாக வந்தன, பிறகு உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவின் வாசல் வரை போயின. பாக்கியைத் தீர்க்கும்வரை புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யக்கூடாது என்று தடை விழுந்தது. டிசம்பர், ஜனவரியில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். பிரேசில்காரர் ஜோவாவ் விக்டர் மட்டும் தங்கினார். பெயர் பெற்ற இந்திய ஆட்டக்காரர்களும் வேறு அணிகளுக்குக் கிளம்பினர். மிஞ்சியவர்கள் இரண்டாம் நிலை அணியிலிருந்து அவசரமாக மேலே கொண்டுவரப்பட்ட பையன்கள். தங்போய் சிங்டோவின் வேலை, வாரா வாரம் பதினோரு பேரைத் தேற்றி மைதானத்தில் இறக்குவது. பயிற்சியாளர் என்பதைவிட, வேலைநிறுத்தம் நடக்கும் ஆலையில் ஒரு ஷிஃப்டையாவது ஓட்டப் பார்க்கும் ஃபோர்மேன் என்று அவரைச் சொல்லலாம்.

சனத்நகரிலிருந்து ஆட்டம் பார்க்கக் கிளம்பும் ரசிகர், எர்ரகட்டாவில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டில் மாறி, ராய்துர்க்கத்தில் இறங்கி, அதன்பின் ஆட்டோவுக்குப் பேரம் பேச வேண்டும். இத்தனை பாடும் பட்டுப் போய்த் தோல்வியைப் பார்ப்பதற்குத் தனி மனம் வேண்டும். 'டெக்கான் லீஜியன்' என்ற ரசிகர் குழுவுக்கு அந்த மனம் இருந்தது. மற்றபடி பாலயோகி மைதானத்தில் காலி நாற்காலிகள்தான் அதிகம்.

22 ஆட்டங்கள். 16 தோல்வி, ஐந்து டிரா, ஒரே ஒரு வெற்றி. மொத்தம் எட்டு புள்ளிகள். அந்த ஒரு வெற்றியைத் தானம் செய்தது, தமிழ் வாசகர்கள் மன்னிக்க வேண்டும், சென்னை. 2024 மார்ச்சில் நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி.யை, சம்பளம் ஒழுங்காக வராத அந்தப் பையன்கள் 1-0 என்று வென்றுவிட்டுப் போனார்கள்.

கால்பந்து வரலாற்றில் இதற்கு ஓர் அண்ணன் உண்டு: இத்தாலியின் பார்மா. இந்தியத் தொலைக்காட்சியில் 1990களில் இத்தாலிய லீக் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். புஃபோன், துராம், கன்னவாரோ ஆடிய அணி. 1995லும் 1999லும் யூஈஎஃப்ஏ கோப்பையை வென்ற அணி. அதை வளர்த்த பால் நிறுவனமான பார்மலாட் 2003ல் நொடித்தது. அந்த அடியிலிருந்து எழுந்த பார்மா, 2014-15 சீரி ஏ சீசனில் மறுபடி விழுந்தது. மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. கிளப்பின் வண்டிகள் ஜப்தி. பிப்ரவரியில் ஒரு யூரோவுக்குக் கைமாறியது. வாங்கியவரே மார்ச்சில் கைதானார். அதே மார்ச்சில் நீதிமன்றம் கிளப்பைத் திவாலானதாக அறிவித்தது. சீசன் பாதியில் நின்றுவிடக்கூடாது என்று மற்ற கிளப்புகள் பணம் போட்டு மிச்ச ஆட்டங்களை நடத்தின. தண்டனையாக ஏழு புள்ளிகள் பறிபோக, 19 புள்ளிகளோடு கடைசி இடம். அந்த நிலையிலும் ஏப்ரலில், அந்த ஆண்டு சாம்பியன் ஆகப்போகிற யுவென்டஸை 1-0 என்று தோற்கடித்தார்கள். பட்டினி கிடக்கும் அணிகளுக்கு இப்படி ஒரு நாள் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

இதுவரை இரண்டும் ஒரே கதை. பிரிவது இதற்குப் பிறகுதான்.

பார்மா நான்காம் டிவிஷனுக்கு, சீரி டி-க்கு, விழுந்தது. விழ ஓர் இடம் இருந்தது என்பதே முக்கியம். உள்ளூர்த் தொழிலதிபர்கள் சேர்ந்து புதிய கிளப் அமைத்தார்கள். ரசிகர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். நான்காம் டிவிஷன் ஆட்டங்களுக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் சீசன் டிக்கெட் வாங்கினார்கள். கேப்டன் அலெஸ்ஸாண்ட்ரோ லூக்கரெல்லி, வயது 40ஐ நெருங்கிக்கொண்டிருந்தவர், அணியோடு கீழே இறங்கினார். அடுத்தடுத்து மூன்று சீசனில் மூன்று படி ஏறி 2018ல் பார்மா சீரி ஏ-க்குத் திரும்பியது. லூக்கரெல்லி அதைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றார்.

ஐ.எஸ்.எல்.லில் அப்போது கடைசி இடத்துக்குக் கீழே படிக்கட்டு இருக்கவில்லை. எட்டு புள்ளி வாங்கிய ஹைதராபாத் எஃப்.சி. அடுத்த சீசனிலும் முதல் டிவிஷனில்தான் இருந்தது. பி.சி. ஜிண்டால் குழுமம் 2024ல் வாங்கி உயிர் கொடுத்தது. 2024-25ல் 13 அணிகளில் 12வது இடம். கீழே இறங்காததில் என்ன குறை என்று கேட்கலாம். நகரின் புறத்தே இன்னோர் அணி இருந்தது: ஸ்ரீநிதி டெக்கான். இரண்டாம் டிவிஷனான ஐ-லீகில் 2022-23லும் 2023-24லும் அது இரண்டாம் இடம் பிடித்தது. இரு முறையும் முதலிடம் பெற்ற அணி மட்டுமே மேலே போனது. ஒரே ஊரில், நன்றாக ஆடியவர்கள் ஏற முடியவில்லை, ஆட முடியாதவர்கள் இறங்க முடியவில்லை. இறங்கினால் முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்பது அமைப்பாளர்கள் தரப்பு வாதம். இறங்காமலேயே ஓடினார்கள் என்பதைத்தான் ஹைதராபாத் கண்டது.

இத்தனைக்கும் இது கால்பந்து தெரியாத ஊர் அல்ல. ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதை உருவாக்கிய சையத் அப்துல் ரஹீம் 1951லும் 1962லும் இந்தியாவுக்கு ஆசியத் தங்கம் வாங்கித் தந்தவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை கொண்டுபோனவர். அவர் 1960ல் அழைத்துச் சென்ற ஒலிம்பிக் அணி ஆடியதும் இத்தாலி மண்ணில்தான். ஹங்கேரிக்கு எதிராகவும் பெரு நாட்டுக்கு எதிராகவும் கோல் அடித்தவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் அருகே அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்று பெயரெடுத்தவர். போலீஸ்காரருக்கு போலீஸ் சம்பளம், ஜவானுக்கு ராணுவச் சம்பளம். பெரிய தொகை இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் வந்தது. தோற்றாலும் வந்தது. அந்தக் காலத்தை ஏங்கிக்கொண்டிருப்பதில் பயனில்லைதான். இலாகா அணிகளின் காலம் முடிந்துவிட்டது. அந்த இடத்துக்கு வந்தது என்ன என்பதே கேள்வி.

ரஹீமின் வாழ்க்கையைச் சொல்லும் 'மைதான்' இந்திப் படம் 2024 ஏப்ரலில் திரைக்கு வந்தது. அதே மாதம்தான் ஹைதராபாத் எஃப்.சி. அந்த எட்டு புள்ளி சீசனை முடித்தது. சனத்நகர் ரசிகர் நகரின் கால்பந்துப் பெருமையைப் பார்க்க மெட்ரோ மாற வேண்டியிருக்கவில்லை. பக்கத்துத் தியேட்டர் போதும்.

செப்டம்பரில் மனோலோ மார்க்கேஸ் ஒருமுறை கச்சிபௌலிக்குத் திரும்பினார், இந்திய அணியின் பயிற்சியாளராக. அவர் பொறுப்பில் இந்தியாவின் முதல் ஆட்டம் அங்கேதான். மொரீஷியஸுடன் கோலில்லாத டிரா.

2025 அக்டோபரில் ஹைதராபாத் எஃப்.சி. டெல்லிக்கு மாற்றப்பட்டது, ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்று புதுப் பெயர். புனேயின் காலி இடத்தில் வந்தது, டெல்லியின் காலி இடத்துக்குப் போனது. டெல்லியில் இடம் ஏன் காலியாக இருந்தது? அங்கிருந்த டைனமோஸ் அணி 2019ல் புவனேஸ்வரத்துக்குக் குடிபெயர்ந்து ஒடிசா எஃப்.சி. ஆகிவிட்டது.