கார்ப்பெட்டுக்கு வாட்ஸ் கணக்கு செல்லாது

தீபாவளி முடிந்ததும் தில்லி, சண்டிகர், லக்னோ பக்கம் இருக்கும் நம்மவர் வீடுகளில் முதல் வேலை, சுருட்டி வைத்த கார்ப்பெட்டை இறக்கி விரிப்பது. மொசைக் தரையில் காலை வைத்தால் குளிர் மண்டைக்கு ஏறும் ஊரில் அதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. அடுத்த வேலை, "நல்ல வாக்வம் கிளீனரா ஒண்ணு சொல்லுங்களேன் சார்" என்று ஆபீஸில் விசாரிப்பது. என்னிடம் கேட்கிற எல்லாருக்கும் ஒரே பதில்தான்: வாட்ஸைப் பார்த்து வாங்காதீங்க. பிரஷ்ஷைப் பாருங்க, அப்புறம் சர்வீஸைப் பாருங்க.

நாம் பாயும் ஜமக்காளமும் பார்த்து வளர்ந்தவர்கள். வாசலில் இரண்டு உதறு உதறினால் தூசி போச்சு. தடிமனான கம்பளிக் கார்ப்பெட் அப்படி இல்லை. மேலே விழுந்த மண் நடக்க நடக்க முடிக்கற்றைகளின் அடிவேர் வரை இறங்கிவிடும். மேலே பார்த்தால் பளிச். அடியில் இருக்கும் மணல் ஒவ்வொரு மிதிக்கும் கம்பளி இழையை அறுத்துக்கொண்டே இருக்கும். துடைப்பத்தால் பெருக்கினால் நைஸ் தூசி எழும்பி, நம் மூக்கு வழியாக ஒரு சுற்று போய்விட்டு மறுபடி அங்கேயே உட்காரும். வீட்டில் வீஸிங் உள்ள குழந்தையோ ஊரிலிருந்து வந்த பெரியவர்களோ இருந்தால் இது விளையாட்டு விஷயம் இல்லை.

சரி, வாட்ஸ் என்றால் என்ன? மோட்டார் எவ்வளவு கரண்ட் சாப்பிடுகிறது என்பது மட்டும்தான். காமர்ஸ் படித்தவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அது டர்ன்ஓவர். லாபம் வேறு. ஐரோப்பிய யூனியனில் 2014 செப்டம்பரில் 1600 வாட்ஸுக்கு மேல் கூடாது என்றார்கள். 2017 செப்டம்பரில் அதையும் 900 ஆகக் குறைத்துவிட்டார்கள். அங்கேயும் கார்ப்பெட் இருக்கிறது, சுத்தமும் செய்கிறார்கள். நம் கடைகளில் இன்னும் "2000 வாட்ஸ் சார், சூப்பர் பவர்" என்று விற்கிறார்கள்.

இப்போது பெட்டியில் கிலோ பாஸ்கல் என்று வேறு போடுகிறார்கள். அது குழாய் வாயை முழுக்க அடைத்துவிட்டு அளக்கிற இழுவிசை. அந்த நேரத்தில் காற்று ஓட்டமே கிடையாது. தூசியைச் சுமந்து போவது காற்று ஓட்டம். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் பிரயோஜனம்.

அதைவிட முக்கியம் சுழலும் பிரஷ். அமெரிக்காவில் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர் என்று ஒருவர். கட்டிடம் பெருக்குகிற வேலை, கூடவே ஆஸ்துமா. தூசி தாங்காமல் ஃபேன் மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை எல்லாம் சேர்த்து ஒரு மெஷின் செய்து 1908-ல் பேட்டன்ட் வாங்கினார். அதிலேயே சுழலும் பிரஷ் இருந்தது. பின்னாளில் அதுதான் ஹூவர் ஆனது. முடியைத் தட்டிக் கிளப்பினால்தான் அடி மண் வெளியே வரும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊரில் விற்கும் பல மெஷின்களில் வெறும் தட்டை வாய்தான் வருகிறது. மார்பிள் தரைக்கு அது போதும், கார்ப்பெட்டுக்குப் போதாது. காற்றிலேயே சுழலும் டர்போ பிரஷ் என்று ஒன்று கொடுப்பார்கள். அது தடிமனான கார்ப்பெட்டில் அழுத்தினால் நின்றுவிடும். பிரஷ்ஷுக்குத் தனி மோட்டார் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதிலும் ஒரு எச்சரிக்கை. காஷ்மீர், பதோஹி கைமுடிச்சுக் கார்ப்பெட்டின் ஓரக் குஞ்சத்தில் பிரஷ்ஷை விடாதீர்கள், சுற்றிக்கொள்ளும். விரல் நீள முடி உள்ளதிலும், வளையம் வளையமாக நெய்ததிலும் பிரஷ்ஷை நிறுத்தும் வசதி வேண்டும். பிடி ஒட்டிக்கொண்டு நகரவில்லை என்றால் குழாயில் இருக்கும் சின்னத் திறப்பைத் தள்ளிவிடுங்கள்.

ஒயர் இல்லாத குச்சி மாடல்களில் மோட்டார் பிரஷ் வருகிறது, நல்ல விஷயம். ஆனால் பெட்டியில் போட்ட நிமிஷக் கணக்கு பெரும்பாலும் குறைந்த வேகத்துக்கு. கார்ப்பெட்டில் முழு வேகம் வைத்தால் ஹால் முடிவதற்குள் பேட்டரி கையை விரித்துவிடும். ரோபோ மெஷின் தடிமனான கார்ப்பெட்டில் திணறும். கறுப்புக் கார்ப்பெட்டைப் பள்ளம் என்று நினைத்துப் பின்வாங்குவதும் உண்டு.

டெமோ காட்ட வருபவர் மேலாகப் பவுடரைத் தூவி உறிஞ்சிக் காட்டுவார். அதை எந்த மெஷினும் செய்யும். ஒரு பிடி மணலைத் தூவி, காலால் நன்றாக மிதித்துவிட்டு, "இப்போ எடுங்க" என்று சொல்லுங்கள். முடிந்ததும் கார்ப்பெட்டைப் புரட்டித் தட்டிப் பாருங்கள். உண்மை கீழே கொட்டும்.

அப்புறம் வாரண்டி. பெரிய எழுத்தில் பல வருஷம், சின்ன எழுத்தில் "மோட்டாருக்கு மட்டும்". உடைவதோ பெல்ட், ஹோஸ், சுவிட்ச், பேட்டரி. ஒரு கணக்குக்கு, மெஷின் 10,000 ரூபாய், வருஷத்துக்குப் பை, ஃபில்டர், பெல்ட் 2,000 ரூபாய் என்றால் 5 வருஷத்தில் அது 20,000 ரூபாய் மெஷின். விலையை அப்படித்தான் ஒப்பிட வேண்டும். நம்மைப் போல மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டுகிறவர்கள், அடுத்த ஊரிலும் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது.

கடைசியாக, யார் ஓட்டப்போகிறார்கள்? பல வீடுகளில் வேலைக்கு வரும் அம்மாதான். இழுக்க முடியாத கனமான மெஷினை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, அவரைப் பால்கனியில் கார்ப்பெட்டைத் தட்டச் சொல்கிறோம். அந்தத் தூசி போவது அவர் நுரையீரலுக்கு. முடிந்தால் பை போடும் மாடலாக வாங்குங்கள். பையோடு கழற்றிக் குப்பையில் போட்டுவிடலாம், டப்பாவை உதறும்போது கிளம்பும் புழுதி இருக்காது.

இவ்வளவும் தோதுப்படவில்லையா? தடிமனான கார்ப்பெட்டே வேண்டாம். பானிபட் தரி ஒன்று வாங்கிப் போடுங்கள். காலுக்குக் குளிர் தெரியாது, வெயிலில் உதறிக்கொள்ளலாம். சுத்தம் செய்ய வழியில்லாத கார்ப்பெட், வீட்டுக்குள் காசு கொடுத்து வாங்கி வைத்த புழுதி மூட்டை.